பறக்கிறதைப் படம் பிடிக்கிறவன் பாடு

பறந்து போகும் பறவையைப் படம் பிடிப்பதுதான் தன் வேலை என்று ஒருவன் சொன்னால், சேலம் ஜில்லாவில் அதை நம்ப ஆள் கிடையாது. இதே வேலையில் கழுத்துச் சுளுக்கி, கண் பூத்து, கடைசியில் வெறும் வானத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு தெருவில் எனக்குச் சிறியதாக ஒரு ஸ்டூடியோ இருந்தது. கல்யாண ஜோடி, காதுகுத்து, வேட்டி மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்த மிராசுதார் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. யுத்தம் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பாதி ஆயுளை இங்கேயே கழித்தவர் என்பதால் தமிழ் தாராளமாகப் பேசுவார். "கிளையில் உட்கார்ந்த பறவையை எவனும் எடுப்பான். பறக்கிறதை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லி, ஒரு பெரிய பெட்டிக் கேமராவை என் கையில் கொடுத்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. அதன் தலைமேல் தோலால் செய்த நீண்ட மறைப்பு ஒன்று நிற்கும். அதற்குள் முகத்தைப் புதைத்துக் குனிந்து பார்த்தால் எதிரே இருப்பது கண்ணாடியில் தெரியும். ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். பறவை வலப்பக்கம் போனால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். இதைவிடக் கொடுமை, பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொண்டு எல்லாம் இருட்டாகிவிடும். நாம் எடுக்கிற அந்த நொடியை மட்டும் நாம் பார்க்க முடியாது. பறவை உள்ளே விழுந்ததா, வெளியே போனதா என்பது கழுவிப் பார்க்கும்வரை எடுத்தவனுக்கே சந்தேகம்தான். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

படம் விழுகிற கண்ணாடிப் பிளேட்டுகளின் பெட்டியைத் தூக்க என் மனைவியின் தம்பி செங்கோடன் கூட வந்தான். ராசிபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். பலசாலி, பொறுமைசாலி. வாய் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

கோடு போட்ட மரங்கள்

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகிற வழியில் ஒரு பனங்காடு. பனை உழவாரன் என்கிற சின்னஞ்சிறு குருவிகள் அங்கே ஏராளம். காய்ந்து தொங்கும் ஓலையின் அடியில் எச்சிலால் கூட்டை ஒட்டிவைத்துக்கொண்டு, பகல் முழுவதும் காற்றைச் சீவியபடி பறக்கும். தரையில் இறங்கவே இறங்காது. கூடு இருந்த மரங்களை மறுநாள் கண்டுபிடிக்க வசதியாக, நான் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய புதிது அது. மண்முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் கள்ளு, ஆளுக்கு ஜெயில். பனைமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கோடு போடுகிற இரண்டு பேரை ஊர் என்னவென்று நினைக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

காட்டுக்காரர் நல்லமுத்து தோளில் துண்டோடு வந்து நின்றார். "ஏனுங்க, மரத்துல என்னுங்க பாக்கறீங்க?" என்றார். குருவியைப் படம் எடுக்க வந்திருக்கிறோம் என்றேன். "குருவியப் படம் புடிச்சு என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஏற்காட்டுத் துரை ஒருவர் கேட்டிருக்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். துரை என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய கண் என் பெட்டிக்குப் போனது, அங்கிருந்து சுண்ணாம்புக் கோட்டுக்குப் போனது. பிறகு ரொம்ப மரியாதையாகிவிட்டார். நுங்கு வெட்டிக் கொடுத்தார். நாளைக்கும் வருவோமா, எத்தனை மணிக்கு வருவோம் என்று அன்பாக விசாரித்தார்.

மறுநாள் காலையில் போனோம். கோடு போட்ட மரங்களில் முதல் நாள் தொங்கிய முட்டி ஒன்றுகூட இல்லை. முட்டியோடு காய்ந்த ஓலையையும் அடியோடு கழித்துவிட்டிருந்தார்கள். மரங்கள் சவரம் செய்த தலைபோல நின்றன. ஓலைக் குவியலில் உடைந்த முட்டைகளும் இறகு முளைக்காத குஞ்சுகளும் கிடந்தன. மேலே தாய்க்குருவிகள் கத்திக்கொண்டு அந்த வெற்று மரங்களையே சுற்றிச் சுற்றி வந்தன. எனக்குப் பெட்டியைத் திறக்க மனசு வரவில்லை. நல்லமுத்து வந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "மரமெல்லாம் சுத்தம் பண்ணியாச்சுங்க. கோடு போட்ட மரத்துல ஒண்ணுமில்லீன்னு தொரைகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க."

பெட்டிக்குள் போன ஆடுகள்

நல்லமுத்துவிடம் உண்மையைச் சொன்னதுதான் தப்பு என்று செங்கோடன் முடிவு கட்டிவிட்டான். "நெசத்தச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான் மச்சான். நம்பற மாதிரி எதையாச்சும் சொல்லோணும்" என்றான். அதற்கு முதல் பரீட்சை மேச்சேரியில் நடந்தது. அங்கே வறண்ட மேட்டு நிலத்தில் ஒரே ஒரு குட்டை. காலை வெயில் ஏறும்போது கல்கௌதாரிகள் கூட்டமாக வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வீசியெறிந்த கல்போலப் போய்விடும். ஆளைக் கண்டால் இறங்காது. ஆகவே நாங்கள் இருவரும் பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் குப்புறப் படுத்திருந்தோம்.

கௌதாரி வருவதற்கு முன் ஆடுகள் வந்தன. பின்னாலேயே தடியோடு ராமாயி என்கிற அம்மாள் வந்தாள். போன மாதம்தான் அவள் பட்டியில் ஆடு திருட்டுப் போயிருந்ததாம். தண்ணீர்க் கரையில் கம்பளிக்குள் இரண்டு ஆண்பிள்ளைகள் பதுங்கியிருப்பதைப் பார்த்தவள் வேறு என்ன நினைப்பாள்? தடியால் என் முதுகில் தட்டி, "எந்திரி சாமி" என்றாள். செங்கோடன் முந்திக்கொண்டு, "ஆட்டுக்குச் சீக்கு வந்திருக்குதான்னு பாக்க வந்தோமுங்க" என்றான். "படுத்துக்கிட்டா பாப்பீங்க?" என்று கேட்டாள். அவள் எங்கள் எதிரிலேயே குந்திக்கொண்டாள். கௌதாரிகள் வந்தன. தலைக்குமேல் கத்திக்கொண்டு வட்டமடித்தன. ஆடுகளையும் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு வேறு தண்ணீர் தேடிப் போயின. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். திறந்தால் உள்ளே இருக்கிற பிளேட்டெல்லாம் வெளிச்சம் பட்டுப் பாழாகிவிடும் என்று மறுத்தேன். மறுத்ததும் அவளுடைய பிடி தடியில் இறுகியது.

வேறு வழியில்லாமல், மேலே இருந்த தோல் மறைப்பைக் காட்டி, இதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தள்ளி நின்றேன். முகத்தை உள்ளே விட்டவள் நெடுநேரம் எடுக்கவே இல்லை. ஒரு முறை தலையைத் தூக்கிக் குட்டைப் பக்கம் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். கண்ணாடியில் அவளுடைய செவலை ஆடுகள் எல்லாம் அச்சு அசலாக, ஆனால் பக்கம் மாறி, மேய்ந்துகொண்டிருந்தன. நிமிர்ந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் அவள் சொன்னது விளையாட்டா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது: "என்ற ஆடு அத்தனையும் இதுக்குள்ளதான் நிக்குது. ஒண்ணு பாக்கியில்லாம வெளிய உட்டுப்போட்டு நீங்க கெளம்புங்க."

சட்டையில் இறகு

வெளியில்தான் இப்படி என்றால் வீட்டிலும் அதே கதை. மலைக்கோட்டைப் பாறையில் ஒரு ஜோடி வல்லூறு குடியிருந்தது. புறாவை வானத்திலேயே அடித்து, பாறை இடுக்கில் வைத்து இறகைப் பிடுங்கித் தின்னும். அது எந்தப் பக்கம் வந்து இறங்குகிறது என்று கண்டுபிடிக்க நானும் செங்கோடனும் பாறையடியில் தவழ்ந்து, சிதறிக் கிடந்த இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். என் மனைவி பாவாயி சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையிலிருந்து ஒரு கைப்பிடி இறகை வெளியே எடுத்தாள். சில இறகுகளில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் என்னைக் கேட்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "இதென்னடா?" என்று மட்டும் கேட்டாள். செங்கோடன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அக்கா, சத்தியமா மச்சான் சேவக்கட்டுக்கெல்லாம் போறதில்ல" என்றான். பாவாயி இறகை என் முன்னால் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நானு சேவலுன்னு வாயே தொறக்கலியே."

மீன் வைத்திருந்த கருடன்

பரமத்தி வேலூரில் காவேரிக் கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் அடர்ந்திருக்கும். அங்கே செம்பருந்து தண்ணீர்மேல் தாழ்ந்து வந்து, காலால் மீனைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போகும் அழகைப் படமெடுக்க ஒரு வாரமாய்த் தவம் கிடந்தேன். நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பெண்கள் குளிக்கும் துறை. கேமராவின் மூக்கு ஆற்றைத்தான் பார்த்திருந்தது. ஆனாலும் பாப்பாத்தி என்கிற பெண் ஈரச் சேலையோடு நேராகக் கொடிக்கால் கவுண்டரிடம் போய் முறையிட்டுவிட்டாள். கவுண்டர் நாலு ஆட்களோடு வந்தார். பெட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள் என்றேன். பாப்பாத்தி விடவில்லை. "பெட்டி எங்க பாக்குதுன்னு ஆருங்க கேட்டா? மூஞ்சிய உள்ள உட்டுக்கிட்டு நிக்கிறவன் எங்க பாக்கறான்னு ஆருக்குத் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நான் அவள் அண்ணனாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆட்களில் ஒருவன் கேமராவைத் தூக்கி ஆற்றில் போடக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்துச் செம்பருந்து ஒன்று தலைக்குமேல் வட்டமிட்டது. செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி படமுங்க. கருடாழ்வார் பறக்கிற மாதிரி காலண்டருக்கு எடுக்கறோமுங்க" என்றான். நீட்டிய கை நின்றது. கவுண்டர் மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் எங்களுக்கு அவர் வீட்டில் வாழையிலைச் சாப்பாடு. துறையைக் கொஞ்ச நாளைக்கு மேல்பக்கம் மாற்றிக்கொள்ளும்படி பெண்களுக்குச் சொல்லி அனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் படத்தில் ஒரு பிரிண்ட். பூஜையறையில் மாட்டப்போகிறாராம்.

படம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக விழுந்தது. இறக்கையின் ஒவ்வொரு தூவியும் தெரிந்தது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டர் இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பருந்தின் காலில் பளபளவென்று ஒரு கெண்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் செங்கோடன் ஏற்கெனவே வண்டிப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டான். கவுண்டர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "பெருமாள் ஏறி வர்ற வாகனமுங்க இது. இதும்பட கால்ல மீனைக் கொண்டுபோய்க் கட்டுனது ஆருங்க, நீங்களா?"

பாலத்தடி

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பயம் எங்கள் பக்கத்திலும் பரவியிருந்தது. நாமக்கல் பாறையில் வல்லூறு மிக உயரத்தில் பறந்ததால் பிளேட்டில் புள்ளியாகத்தான் விழுந்தது. காவேரி ரயில் பாலத்தின் ஓட்டைகளில் புறாக்கள் கும்பலாக இருக்கும், அவற்றை அடிக்க வல்லூறு அங்கே தாழ்வாக வரும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பாலத்தருகே கேமராவோடு போகலாமா என்று யோசித்திருக்க வேண்டும். பறவை மண்டைக்குள் ஏறிவிட்டால் அந்த யோசனையெல்லாம் வருவதில்லை, உங்களுக்கே தெரியும். ஒரு நாள் காலையில் வானத்திலிருந்து ஒரு கருப்புக் கல் விழுந்தது. கண்ணாடியில் அதைத் துரத்திக்கொண்டே பெட்டியைச் சுழற்றினேன். இறக்கை மடங்கி, புறாவின்மேல் மோதப்போகிற நேரம், அழுத்தினேன். இருட்டு. முகத்தைத் தூக்கியபோது ஒரு போலீஸ்காரர் கை என் தோளில் இருந்தது.

ஸ்டேஷனில் எங்கள் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். நான் துரை, புத்தகம், வல்லூறு என்று உள்ளபடி சொன்னேன். பழக்கதோஷத்தில் செங்கோடன், சாமி படம், காலண்டர் என்று சொல்லியிருக்கிறான். தெற்கத்திக்காரரான இன்ஸ்பெக்டர் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "ஒருத்தன் துரைங்கறான், ஒருத்தன் பெருமாள்ங்கறான். பாலம்னு எவனும் சொல்ல மாட்டேங்கறீங்களே" என்றார். ஒற்றன் என்று பிடித்தவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம். பாவாயி யாரிடம் போய் விசாரிப்பாள்? அவர் பிளேட்டைத் திறந்து பார்க்கப் போனார். திறந்தால் படமும் போகும், என் பக்கத்துச் சாட்சியும் போகும், கழுவினால்தான் தெரியும் என்று கெஞ்சினேன். ஒரு போலீஸ்காரரைச் செங்கோடனோடு பஸ்ஸில் அனுப்பி, ஸ்டூடியோவிலிருந்து மருந்தும் தட்டுகளும் கொண்டுவரச் செய்தார்.

அன்றைக்கு லாக்கப் காலியாக இருந்தது. சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, அரிக்கேன் விளக்கைச் சிவப்புத் துணியால் சுற்றி, அதையே இருட்டறை ஆக்கினோம். இன்ஸ்பெக்டர் சுவரோரம் நின்றார். இருட்டில் நான் ஓடிவிடாதபடி போலீஸ்காரர் என் வேட்டி நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் வானம் கறுத்தது. அதன் நடுவில் கறுக்காமல் ஒன்று நின்றது. அம்புமுனை போல மடங்கிய இறக்கை, நீட்டிய கால், அதற்கு ஒரு சாண் கீழே திரும்பிப் பார்க்கிற புறா. அத்தனை வருஷம் துரத்தியது கண்முன்னால் வருகிறது, என் வேட்டியோ போலீஸ் கையில் இருக்கிறது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. பிளேட்டை மருந்தில் முக்கி எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் பறவைக்கு அடியில் பாலம் தெரிந்தது. கேமராவைச் சுழற்றி எடுத்ததால் அது சாம்பல் தீற்றலாக இழுபட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஈரப் பிளேட்டைச் சன்னலுக்கு நேரே பிடித்து, பறவையையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பாலத்தை நம்பி எவனாவது குண்டு போட வந்தா அது ஆத்துலதான் விழும். இருந்தாலும் பாலம் பாலந்தான், என் கண்ணு முன்னாடியே மறைச்சிட்டு எடுத்துட்டுப் போ."

சிவப்பு மைக்கு அடியில்

மருந்துகளோடு வந்திருந்த, படத்தின் குறைகளைத் திருத்தும் சிவப்பு மையை எடுத்து, நெகட்டிவில் பாலம் இருந்த பாகத்தை முழுக்கப் பூசினேன். மை பூசிய இடம் பிரிண்டில் வெள்ளையாக விழும். இந்த மை என்றைக்காவது அழிந்தது தெரிந்தால் மறுபடி பார்க்க நேரிடும் என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். பிரிண்டை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு ஓடினேன். துரை அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். பறவையை விட்டுக் கீழே போனார். வெள்ளை ஆரம்பிக்கிற இடத்தில் கண்ணாடி நின்றது. நெகட்டிவைக் கேட்டார். சிவப்பு மையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதுக்கு அடியில் என்ன?" என்றார். பாலம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "செத்த பறவையைக் கம்பில் நூல் கட்டித் தொங்கவிட்டு எடுத்த படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மையைக் கழுவு" என்றார்.

நான் முடியாது என்றேன். அவருக்கு எதிரில் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "துரைக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஆகும். யுத்தம் முடியட்டும், நானே கழுவிக் காட்டுகிறேன்" என்றேன். "நூல் இல்லை என்றால் பயம் எதற்கு?" என்றார். மற்றவர்கள் சந்தேகப்பட்டதெல்லாம் எனக்குச் சிரிப்பாகவோ எரிச்சலாகவோதான் இருந்தது. இது மட்டும் நெஞ்சில் குத்தியது. இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். நாமக்கல்லுக்கு வந்து நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டேன்.

வருவார் என்று நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய கார் கடை வாசலில் நின்றது. முழங்கால் வலியோடு என் மொட்டைமாடிக்கு ஏறினார். பாறைக்கு எதிரே நாற்காலி போட்டுக் கொடுத்தேன். மத்தியானம்வரை வல்லூறு தன் இஷ்டத்துக்கு விழுந்து எழுந்தது. துரை பெட்டிக்குள் முகத்தை விட்டு, அது போன திசைக்கு எதிர்த் திசையில் திரும்பிக்கொண்டே இருந்தார். செங்கோடன் பிளேட்டையும் மோரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தான். பிறகு நானும் துரையும் இருட்டறைக்குள் போய் எல்லாவற்றையும் கழுவினோம். தட்டு தட்டாக வெறும் வானம். ஒன்றில் மட்டும் மாடிக் கைப்பிடிச் சுவர் விழுந்திருந்தது. வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மேஜைமேல் இருந்த என் வல்லூறு படத்தை எடுத்துத் தன் தோல்பைக்குள் பத்திரமாக வைத்தார். அப்புறம் தன் பிளேட் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சொன்னார்: "என் வானம் சுத்தமாக விழுந்திருக்கிறது. நூலும் இல்லை, பறவையும் இல்லை."

கடை வாசல்

யுத்தம் முடிந்த பிறகு துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். போகும்போது கேமராவை என்னிடமே விட்டுவிட்டார். புத்தகம் வெளிவந்ததா, அதில் என் வல்லூறு இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. மையைக் கழுவிவிட்டு, பாலமும் சேர்த்துப் பெரிய பிரிண்டாகப் போட்டுக் கடை வாசலில் கண்ணாடிக்குள் வைத்தேன். வருகிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்டார்கள். புறாவைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள் என்றார்கள். செங்கோடன் தறிக்குத் திரும்பாமல் என்னோடேயே கடையில் தங்கிவிட்டான். பொய் சொல்லி ஸ்டேஷன்வரை போனதிலிருந்து, கேட்கிறவர்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்ல ஆரம்பித்தான். ஒருவரும் நம்பவில்லை.

நாமகிரிப்பேட்டையிலிருந்து பழனியப்பன் என்கிற மஞ்சள் வியாபாரி குடும்பத்தோடு படமெடுக்க வந்தார். மனைவி, மக்கள், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. எல்லாரும் சிலைமாதிரி இருந்தார்கள். நான் கேமராவின் மூடியைக் கழற்றிய நேரத்தில் குழந்தை மட்டும் தலையைத் திருப்பிவிட்டது. பிரிண்டில் அதற்கு மூன்று கண்ணும் இரண்டு மூக்கும் வந்தன. மறுபடி எடுத்துத் தருகிறேன், கட்டணம் வேண்டாம் என்று சமாதானம் சொன்னேன். பழனியப்பன் நேரே வாசலுக்குப் போனார். கண்ணாடிக்குள் இருந்த வல்லூறை ஒரு பார்வை பார்த்தார். கையில் இருந்த படத்தை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வானத்துல உளுகறத அந்தரத்துல நிறுத்திப்போட்டீங்க. மடியில உக்காந்திருக்கற கொழந்தைய நிறுத்த முடியிலீங்களாக்கும்? நெசத்தச் சொல்லுங்க, அந்தப் படம் நீங்க எடுத்ததுதானுங்களா?"

இத்தனை வருஷத்தில் பறவைகளும் என்னை நம்பாமல்தான் பறந்துபோயின, ஆனால் அவை மட்டும் என்னிடம் ஒரு விளக்கமும் கேட்டதில்லை.